அந்தத் தகடு நான் செய்தது

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறின வருஷம் எனக்குப் பதினேழு வயது. அதுவரைக்கும் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன். பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறியும் இருந்தேன். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. எங்கே போனாலும் இங்கிலீஷ் தெரியுமா, டைப் அடிப்பாயா என்றுதான் கேட்டார்கள். பிரெஞ்சில் பதில் சொன்னால் சிரித்தார்கள். ரெண்டு வருஷம் முன்னால் இதே ஆபீசில் பிரெஞ்சு தெரியாதவர்களைப் பார்த்து இதே மாதிரி சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படி இறங்குவேன்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. என்னை வளர்த்தது அக்கா. அவளுக்குக் குழந்தை இல்லை, நான்தான் எல்லாம். அக்கா புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், ஒயர்லெஸ் பிரிவு. சைகோனில் இருந்தார், பிறகு வேறு எங்கெங்கோ. மாமா வருஷக்கணக்கில் வெளியே இருக்க, வெள்ளைக்காரர் தெருக்களைப் பிரிக்கிற வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் அக்காவும் நானுமாக இருந்தோம்.

கடைசியில் ஒரு பிளாக் செய்யும் கடையில் வேலை கிடைத்தது. அச்சாபீஸ்களுக்குப் படம் அடிக்க பிளாக் வேண்டும். சினிமா நோட்டீஸில் நடிகையின் முகம், கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார், சோப்பு விளம்பரம், எல்லாமே துத்தநாகத் தகட்டில் குழிவும் மேடுமாகச் செய்து கொடுக்கவேண்டும். என் வேலை அதில் கால்வாசிகூட இல்லை. ஜன்னல் ஓரம் கண்ணாடி மேஜையில் நெகட்டிவை வைத்து, அதில் இருக்கும் ஊசிமுனை ஓட்டைகளை மெல்லிய பிரஷ்ஷால் சிவப்பு மை தொட்டு அடைக்கவேண்டும். கண் கூர்மையாக இருக்கவேண்டும், கை நடுங்கக்கூடாது. அதற்குப் பெண்பிள்ளை போதும் என்று முதலாளி நினைத்தார்.

பின்கட்டில் ஆசிட் ரூம் இருந்தது. அங்கே நான் போகக்கூடாது. ஆனால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், காற்று வேண்டுமே. அங்கே நடப்பது எல்லாம் என் மேஜையிலிருந்து தெரியும். தகட்டின் மேல் ஒரு பூச்சு பூசுவார்கள். முட்டையின் வெள்ளைக் கருவும் பைக்ரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பும் கலந்த பூச்சு. அதன் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பூச்சு இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும். இறுகின இடத்தை மேலே உருட்டின மை காப்பாற்றும், மீதியை ஆசிட் தின்றுவிடும். அவ்வளவுதான் சங்கதி. வெளிச்சம் எழுதும், ஆசிட் செதுக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க, ஓட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பிடிக்காமல் போயிற்று.

ஆசிட் வேலை பார்த்தவர் ஒருநாள் மெட்ராசில் நல்ல இடம் கிடைத்ததும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஒரு சினிமாக் கொட்டகைக்கு பிளாக் கொடுத்தாக வேண்டும். முதலாளி ஆள் தேடி ஓடினார். தகடு வெயில் காட்டி, கழுவி, தயாராக இருந்தது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். தட்டில் ஆசிட்டை ஊற்றி, அவர் செய்வது போலவே தட்டை மெதுவாக ஆட்டினேன். குமிழ் கிளம்பியது, புகை தொண்டையை அறுத்தது. கோழி இறகால் குமிழைத் துடைத்து விட்டுக்கொண்டே இருந்தேன்.

முதலாளி ஆள் கிடைக்காமல் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வெளிய வா. உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"இன்னும் முழுசா ஆவல முதலாளி. ஆனதும் வர்றேன்."

அவர் கத்தினார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் தட்டை ஆட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தகடு ஒரு பக்கம் மட்டும் அரித்துப் போகும். அச்சடித்துப் பார்த்தபோது நடிகையின் காதோரம் ஒரு மூலையை ஆசிட் அதிகம் தின்றுவிட்டிருந்தது. முதலாளி அந்த மூலையை மட்டும் காட்டினார், முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்காரர் எதையும் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வேறு ஆள் வருவான் என்று முதலாளி சொன்னார். வந்தால் நான் நெகட்டிவ் மேஜையையும் விட்டுவிடுவேன் என்றேன். எங்கே போவாய் என்று கேட்டார். போக இடம் எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "போறேனா இல்லையான்னு பாருங்க" என்றேன். ஆள் வரவில்லை. கடைசிவரை ஆசிட் ரூம் என் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு என் விரல் நுனிகள் வெளுக்கவே இல்லை. ஆசிட் ஒரு மஞ்சள், செம்புத் தகட்டை அரிக்கிற பெர்ரிக் குளோரைடு அதைவிட அழுத்தமான பழுப்பு. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன வியாதி என்று அக்காவிடம் கேட்டாள். வியாதி இல்லை, வேலை என்று நானே சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை வேண்டாம் என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பினேன். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே புளியும் சாம்பலும் போட்டு என் கையைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாமா பட்டாளத்திலிருந்து ஓய்வு வாங்கி வந்தபோது ஒரு சின்ன ரேடியோ கொண்டுவந்தார். கரண்டு வேண்டாம், பேட்டரியில் பாடும், கையில் எடுத்துப் போகலாம். அப்போது இந்த ஊரில் ரேடியோ என்றால் அலமாரி அளவு மரப்பெட்டி. அக்கம்பக்கத்தார் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா வீட்டு முன் அறையிலேயே ரேடியோ ரிப்பேர் தொடங்கினார்.

ஒரு நாள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், பிரான்சிலிருந்து மகன் கொண்டுவந்த அதேபோன்ற ரேடியோவை மாடிப்படியில் தவறவிட்டு எடுத்து வந்தார். மாமா திறந்து பார்த்தார். உள்ளே ஒயர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழுப்பு நிற அட்டை ஒன்று, அதன் முதுகில் செம்புக் கோடுகள். அட்டை நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. மெட்ராசில் விசாரித்தால், அதை ஒட்ட முடியாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லுங்கள் என்றார்களாம்.

நான் கடையிலிருந்து வந்து கை கழுவப் போகும்போது மேஜை மேல் அந்த அட்டையைப் பார்த்தேன். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டின் ஓரம் எனக்குத் தெரிந்த ஓரம். கத்தியால் வெட்டின ஓரம் இல்லை, ஒட்டின ஓரமும் இல்லை. ஆசிட் தின்று விட்ட ஓரம்.

"மாமா, இது பிளாக்கு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கரண்டு போகிற வழியை ஒயரில் இழுக்காமல், செம்பில் அச்சடித்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். முதலில் அட்டை முழுக்கச் செம்பு இருந்திருக்கும், கோடு வேண்டிய இடத்தை மறைத்துவிட்டு மீதியை அரிக்க விட்டிருப்பார்கள். நான் நடிகை முகத்தைச் செய்கிறேன், அவர்கள் ரேடியோவைச் செய்திருக்கிறார்கள். மாமா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நீ செய்வியா?" என்று கேட்டார். செய்வேன் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியாது.

செம்பு ஒட்டின அட்டை எங்கும் கிடைக்கவில்லை. பேக்கலைட் அட்டை கிடைத்தது. மோட்டார் ஒர்க்ஷாப்பில் இடுக்கு அடைக்க வைத்திருக்கிற காகிதம் போன்ற செம்புத் தாள் கிடைத்தது. இரண்டையும் தச்சர்கள் போடும் வஜ்ஜிரப் பசையால் ஒட்டினோம். தண்ணீரில் கழுவும்போதே செம்பு மீன்தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. அடுத்தது, அரக்கு. அது ஈயம் பற்றவைக்கிற கம்பியின் சூட்டில் உருகிவிட்டது. பிறகு மாமா மெட்ராசிலிருந்து இரண்டு டியூப்பாக வரும் ஒரு பசை வாங்கிவந்தார். இரண்டையும் கலந்து தடவி, மேலே இஸ்திரிப் பெட்டியையும் அம்மிக்கல்லையும் ஏற்றி வைத்தோம். அம்மி இல்லாமல் அக்கா பக்கத்து வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வந்தாள், முணுமுணுத்துக்கொண்டே. இந்தத் தடவை செம்பு உரியவில்லை.

அடுத்தது பூச்சு. அது தகட்டில் ஒரே சீராகப் பரவவேண்டும். கடையில் அதற்குச் சுழற்றும் சாதனம் இருந்தது. வீட்டில் என்ன செய்வது? தூளி கட்டுவதற்கென்று உத்தரத்தில் கொக்கி ஒன்று உண்டு. அக்காதான் அதில் கயிறு கட்டினாள். கயிற்று நுனியில் நாலு கம்பி வளைத்துத் தகட்டைப் படுக்க வைத்து, கீழே கரி அடுப்பைத் தள்ளிவைத்து, கயிற்றை முறுக்கி விட்டாள். தகடு அடுப்புச் சூட்டில் சுற்றிச் சுற்றிக் காய்ந்தது. ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு, அரை இருட்டில் அக்கா அந்தக் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "அந்தக் கொக்கி சும்மாதானே கிடந்துது" என்றாள்.

நெகட்டிவ் எடுக்கப் பெரிய காமிரா வேண்டும். அது கடையில்தான் இருந்தது. மாமா ரேடியோவின் வழிகளைப் பெரிய காகிதத்தில் கறுப்பு மையில் வரைந்து கொடுத்தார். அதைச் சின்னதாகப் படம் பிடிக்கவேண்டும். முதலாளியிடம் நேராகக் கேட்டேன். இது தன் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை என்றார். சம்பந்தம் இருக்கிறது என்று அட்டையைக் காட்டினேன். அவரும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்தவர் ஓரத்தை விரலால் தடவினார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்றார். அவரும் வந்து பக்கத்தில் நின்றார்.

முதல் தகடுகள் எல்லாம் பாழ். சில இடத்தில் கோடு அறுந்துபோனது, சில இடத்தில் இரண்டு கோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. மாமா அதில் எல்லாவற்றையும் பற்றவைத்து, பேட்டரியைக் கொடுத்தார். முதலில் இரைச்சல், அப்புறம் யாரோ சிங்களத்தில் ஏதோ பேசினார்கள். இலங்கை ரேடியோ. ஒரு வார்த்தையும் புரியாமல் நாங்கள் மூன்று பேரும் அதைக் கடைசிவரை கேட்டோம்.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் ஒரு ரேடியோக் கடைக்காரர் அதைக் கேள்விப்பட்டு, தனக்கும் தகடு வேண்டும் என்றார். செய்தேன். ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு கடலூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். தவளக்குப்பத்தில் இறங்கியதும் சுங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் பையைத் திறக்கச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே புதுச்சேரிப் பை என்றால் கடத்தல் சரக்கு என்று ஒரு நினைப்பு. தகடுகளைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறிவிட்டது.

எந்த ஊர்ச் சரக்கு, யார் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். யாரும் கொடுக்கவில்லை, நான் செய்தேன் என்றேன். ஒருவர் சிரித்தார். சந்தைக்கு வந்த கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அம்மா என் பக்கத்திலேயே வந்து நின்றார். தகடுகளை எடுத்துக்கொண்டு, "வூட்டு ஆம்பளைய ஆபீசுக்கு அனுப்பு" என்றார் சிரித்த ஆள்.

"செஞ்சது நானு. நான்தான் வருவேன்."

சுங்க ஆபீஸ் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம். மாமாவும் என்னோடு வந்தார். பெரிய அதிகாரி வெளியூர்க்காரர், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் எல்லாவற்றையும் மாமாவிடமே கேட்டார். பட்டாளத்திலிருந்து வரும்போது என்னென்ன கொண்டுவந்தீர்கள், அங்கே யாரோடு தொடர்பு உண்டு என்றெல்லாம். மாமா பொறுமையாக இரண்டு மூன்று பதில் சொன்னார். பிறகு, "சார், தகட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளத்தான் கேக்கணும்" என்று வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார். இந்தச் சாமான் நம் நாட்டில் எங்கேயும் வீட்டில் செய்வதாக அவர் கேள்விப்பட்டதில்லை என்றார். நாளைக்கு இங்கேயே செய்து காட்டுகிறேன் என்றேன். இது அதற்கான இடமில்லை என்றார். வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா கயிற்றை முறுக்கினாள். பூச்சு காய்ந்த தகடுகளைக் கறுப்புத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். தட்டு, நெகட்டிவ், கண்ணாடிச் சட்டம், மை உருட்டும் உருளை, பெர்ரிக் குளோரைடு பாட்டில் எல்லாவற்றையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு நானும் அக்காவும் போனோம். வாசல் காவல்காரர் தடுத்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய் முற்றத்தில் தட்டை வைத்துவிட்டாள். சத்தம் கேட்டு ஆபீஸே வெளியே வந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை.

வானம்தான் கைவிட்டது. கடலிலிருந்து மேகம் ஏறிவிட்டது. நான் சட்டத்தை வைத்துக் காத்திருந்து, போதும் என்று நினைத்து எடுத்து, மை உருட்டித் தண்ணீரில் தேய்த்தேன். எல்லாம் கரைந்து வந்துவிட்டது, ஒரு கோடுகூட நிற்கவில்லை. வெறும் செம்பு பளபளவென்று என்னைப் பார்த்தது. குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். யாரோ, பாத்திரம் கழுவ வந்தியாம்மா என்றார்கள். அக்கா என் தோளைப் பிடித்து, போயிடலாம்டி என்று மெல்லச் சொன்னாள்.

நான் தண்ணீரைக் கொட்டினேன். இன்னொரு தகடு இருந்தது. துணியை விலக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்தேன். வெயில் வரட்டும் என்றேன். சிரித்தவர்கள் சாப்பிடப் போனார்கள். அக்கா போகவில்லை. மதியத்துக்கு மேல் மேகம் விலகி, சுவரோரம் வெயில் விழுந்தது. அந்த இடத்துக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இந்த முறை மை உருட்டித் தண்ணீரில் பஞ்சால் தேய்க்கத் தேய்க்க, கறுப்புக்குள்ளிருந்து கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெர்ரிக் குளோரைடில் போட்டு ஆட்டினேன். அது நேரம் எடுக்கும். அதிகாரி நாற்காலி போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஏன் ஆட்டிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். ஆசிட் உன் கைக்கு என்ன செய்யும் என்று கேட்டார், கையைக் காட்டினேன். செம்பு கரைந்து பேக்கலைட்டின் பழுப்பு தெரிந்தது. எடுத்துக் கழுவி, மையைத் துடைத்து, ஈரத்தோடு அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வெயிலில் சாய்த்து, கோட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நம்பறேன்மா. நீதான் செஞ்சே. ஆனா அந்தத் தகடெல்லாம் மெட்ராசுக்குப் போயிடுச்சு. திரும்பி வராது. என் கையில இல்ல."

"உங்க கையில இருக்கிறதக் குடுங்க சார்" என்று அந்த ஈரத் தகட்டை வாங்கிக்கொண்டேன். "நாளைக்கும் செய்வேன். மறுபடியும் புடிச்சா மறுபடியும் இங்கதான் வருவேன்."

அவர் கோபப்படவில்லை. இதில் நீ செய்தது என்று எங்கே போட்டிருக்கிறது, எல்லாச் சுங்கத்துக்காரரிடமும் நீ இப்படிச் செய்து காட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த நெகட்டிவில், மாமாவின் கோடுகளுக்குப் பக்கத்து ஓரத்தில், 'புதுச்சேரியில் செய்தது' என்று தமிழில் எழுதிச் சேர்த்தேன். கீழே பிரெஞ்சிலும் சேர்க்கலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். இங்கிலீஷிலும் வேண்டாம். எழுத்தின் மெல்லிய வளைவுகள் ஆசிட்டில் கரைந்துவிடும் என்று பயந்தேன், கரையாமல் நன்றாகவே நின்றன. அந்தத் தகடுகள் தவளக்குப்பம் போயின, கடலூரும் போயின. அதற்குப் பிறகும் ஒருமுறை பஸ்ஸில் பிடித்தார்கள். எழுத்தைப் படித்துவிட்டு, இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று சொன்னார்கள், ஆனாலும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அறுபத்திரண்டில் பிரான்சு இந்த ஊரைச் சட்டப்படி ஒப்படைத்தது. பழைய சொல்தாக்கள் வீட்டிலெல்லாம் ஒரே பேச்சு, எந்த நாட்டுக்காரராக இருப்பது என்று. மாமா பிரெஞ்சு என்றார். அங்கே ரேடியோத் தொழிற்சாலைகளில் பெண்களுக்கே வேலை, நீயும் வந்தால் உன் கைக்கு மதிப்பு உண்டு என்று என்னையும் கூப்பிட்டார். அக்கா அழுதாள். அவள் இல்லாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

"அங்க போனா இன்னொருத்தன் ஆசிட் ரூம் வாசல்ல போய் நிக்கணும்க்கா. ஒரு தடவ நின்னுட்டேன். போதும்."

அவர்கள் கப்பல் ஏறினார்கள். நான் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். வாடகைக்கு இடம் தேடினேன். ஒரு வீட்டுக்காரர் ஆசிட் நாற்றம் ஆகாது என்றார். இன்னொருவர் தனிப் பெண்ணுக்குக் கடை கொடுப்பதில்லை என்றார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சாராயக் கிடங்கு காலியாகக் கிடந்தது. அங்கே முன்பு அடித்த நாற்றத்துக்கு ஆசிட் எவ்வளவோ மேல் என்று அதன் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்தார்.

பிளாக்கும் ரேடியோத் தகடும் செய்யப்படும் என்று போர்டு மாட்டினேன். முதல் வாரம் வந்தவர்கள் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்து, முதலாளி எப்போது வருவார் என்று கேட்டார்கள். நான் தட்டை ஆட்டிக்கொண்டே, வந்தாச்சு, என்ன வேணும் சொல்லுங்க என்றேன்.